கிளஃபீரா சொல்லாத சொல்

எங்கள் ஊரில் ரொட்டிக்கடைக்குப் போனால், வரிசையைப் பார்த்து "யார் ஓரம்?" என்று கேட்க வேண்டும். நிற்பவர்களில் ஒருத்தர் "நான்தான் ஓரம்" என்பார். அவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளலாம். "யார் கடைசி?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ரொட்டி கிடைக்கும், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வரிசையில் நிற்கிற பெண்கள் திரும்பிப் பார்க்கிற பார்வையில் அந்த ரொட்டி தொண்டையில் இறங்காது. உள்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்த பல் டாக்டர் ஒருத்தர் வந்த புதிதில் அப்படிக் கேட்டுவிட்டார். அந்த மாதம் முழுக்க ஒரு ஆள்கூட அவரிடம் வாயைத் திறந்து காட்டவில்லை. பல்வலியோடு வீட்டில் கிடந்தார்களே தவிர, போகவில்லை.

பெலோமிஸ்க் கடல்காரர்களின் ஊர். வீட்டுக்கு ஒருத்தனாவது கடலில் இருப்பான். இங்கே யாரும் கடைசிப் பயணம் போவதில்லை, ஓரத்துப் பயணம்தான். கடைசி வலை இழுப்பதில்லை, ஓரத்து வலைதான். மலையடிவாரம்வரை போகிற கடைசிப் பேருந்துகூட எங்களுக்கு ஓரத்துப் பேருந்து. கடைசி என்று வாயால் சொன்னால் அதுவே கடைசியாகிவிடும். இதையெல்லாம் நம்புகிறாயா ரிம்மா என்று என்னைக் கேட்காதீர்கள். அடுப்பு சுடுமா சுடாதா என்று கை வைத்துப் பார்க்கிற ஆள் நான் இல்லை.

ஆனாலும் கிளஃபீரா ஸ்டெபானவ்னா மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்லை. துறைமுக வானொலி அறையில் அவளுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. உள்ளே வருகிற கப்பல், வெளியே போகிற கப்பல் எல்லாவற்றோடும் பேசுவது எங்கள் பிழைப்பு. அவளுக்குப் பெரிய உடம்பு. கோபமும் பெரிசு, சிரிப்பும் பெரிசு. மைக்கைப் பிடித்தால் மட்டும் குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி ஒரு குரல் வரும். புயலில் தத்தளித்து வருகிற மாலுமிகள் அந்தக் குரலைக் கேட்டால் பாதிக் கரை வந்துவிட்ட மாதிரி என்பார்கள்.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, சாப்பாட்டு மேசையில் அவள் அப்பா சொன்னாராம்: "இதுதான் கடைசிப் பயணம். திரும்பி வந்து தேனீ வளர்க்கப் போறேன்." தேனீப் பெட்டிகள்கூட வாங்கி வைத்தாயிற்று. அம்மா கையில் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டாளாம். அந்தக் கப்பலில் இருந்து ஒரு பலகைத் துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. பெட்டிகள் கொல்லையில் கிடந்து உளுத்துப் போயின. அன்றிலிருந்து அந்த வார்த்தையை கிளஃபீரா சொன்னதே கிடையாது. வேறு யாராவது சொன்னாலும் இடது தோளுக்கு மேல் மூன்று தரம் துப்பி, கிடைத்த மரத்தைத் தட்டுவாள். மரம் இல்லையென்றால் என் தலையைத் தட்டுவாள், சனியன்.

அவள் புருஷன் சவேலி, லுனெவ்கா என்கிற மீன்பிடிக் கப்பலில் தளத்து மேஸ்திரி. கயிறு, வலை, தளத்து ஆட்கள் எல்லாம் அவன் பொறுப்பு. ஒல்லியான ஆள். சிரித்தால் தங்கப்பல் தெரியும். இவள் பயப்படப் பயப்பட அவனுக்குக் கொண்டாட்டம். அவளைச் செல்லமாகக் கிளாஷா என்பான், வேண்டுமென்றே அந்த வார்த்தையைத் தொடங்குவான்: "கிளாஷா, இதுதான் என்னோட கடை..." அவ்வளவுதான், மாவுக் கையோடு பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்துவாள். மீசையெல்லாம் மாவாகிவிடும்.

"விடுடி! கடைக்குப் போறேன்னு சொல்ல வந்தேன்."

"நீ எதைச் சொல்ல வந்தேன்னு எனக்குத் தெரியும். நாக்கை அறுத்துடுவேன்."

"முப்பது வருஷமா கூட இருக்கேன், உன் வாயால ஒரு தடவை கேட்டதில்ல. ஒருநாள் உன்னைச் சொல்ல வைக்கிறேனா இல்லையா பார்."

"வச்சிடு பாக்கலாம்."

"வைப்பேன். ரிம்மா சாட்சி."

நான் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பெல்மேனி தின்றுகொண்டிருந்தேன். வாய் நிறைய மாவும் இறைச்சியுமாக, சரி என்று தலையாட்டினேன். சாட்சி என்று என்னைச் சும்மா இழுத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வெளிநாட்டுக் கப்பல்களோடு பேசுகிறவர்கள் எல்லோரும் இங்கிலீஷ் தேர்வு எழுதித் தேற வேண்டும், தேறாதவர்களுக்கு நாற்காலி இல்லை. நாங்கள் அதுவரை பேசியதும் இங்கிலீஷ்தான். ஆனால் அது எங்களுக்கும் கொரியாக்காரர்களுக்கும் மட்டும் புரிகிற இங்கிலீஷ். அதிலும் கிளஃபீராவுடையது தனி ரகம். வருகிற கப்பலைப் பார்த்து "உங்கள் கடைசித் துறைமுகம் எது?" என்று கேட்க வேண்டும். லாஸ்ட் போர்ட். இவள் லாஸ்ட் என்று சொல்வாளா? நம் ஓரத்தை அகராதியில் தேடிப்பிடித்து, "வாட் இஸ் யுவர் எக்ஸ்ட்ரீம் போர்ட்?" என்பாள். உலகத்தின் விளிம்பில் உள்ள துறைமுகம் எது என்று கேட்ட மாதிரி இருக்கும். மரம் ஏற்ற வருகிற கொரியாக் கப்பலின் கேப்டன், பே என்று பேர், முதல் தடவை அதைக் கேட்டுவிட்டுச் சற்று யோசித்து, "மேடம், எக்ஸ்ட்ரீம் என்றால் உங்கள் துறைமுகம்தான், வேறு எங்கே இவ்வளவு குளிர்?" என்றார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் சிநேகம். முகம் பார்த்தது கிடையாது, குரல் மட்டும்தான்.

வகுப்பு தீயணைப்பு நிலையத்து மாடியில் நடந்தது. கீழே ஈரக் குழாய்களைக் காயப் போட்டிருப்பார்கள், ரப்பர் நாற்றம் மாடிவரை வரும். டீச்சர் எவெலீனா அர்காத்யெவ்னா கடலையே பார்க்காத ஊர்க்காரி. நல்ல பெண்தான், ஆனால் ஒரு வார்த்தையைப் பலகையில் எழுதிவிட்டால் அதன் சித்தப்பா பெரியப்பாவையெல்லாம் கூட்டி வந்து பக்கத்தில் நிறுத்தாமல் விடமாட்டாள். குட் என்றால் ஃபைன், நைஸ், கிரேட். பிக் என்றால் லார்ஜ், ஹ்யூஜ். ஒரே பொருள் மாதிரி இருக்கும், ஆனால் ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது என்பாள். அன்றைக்கு வந்து சாக்பீஸை எடுத்து, பெரிய எழுத்தில் எழுதினாள்: லாஸ்ட்.

அறையில் பேச்சு நின்றது. தேநீர்க் கெட்டில் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"ரொம்ப சாதாரணமான வார்த்தை. தினம் நூறு தடவை வரும். ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க" என்றாள்.

இழுவைப் படகு ஓட்டுகிற புரோகோர் எழுந்தான். பனிக்கட்டி உடைத்தே கை இரண்டும் மண்வெட்டி மாதிரி ஆன ஆள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "எவெலீனா அர்காத்யெவ்னா, கோவிச்சுக்காதீங்க. அதை மட்டும் அழிச்சுட்டு வேற எது வேணா எழுதுங்க. கெட்ட வார்த்தைன்னாலும் படிக்கிறோம்" என்றான்.

"இது வெறும் ஒரு பெயரடை!"

"உங்களுக்கு."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. நாங்கள் கேலி செய்கிறோம் என்று நினைத்துவிட்டாள் பாவம். வீம்புக்கு கிளஃபீராவை எழுப்பினாள். "நீங்க சொல்லுங்க. நேத்து எந்த பஸ்ல வீட்டுக்குப் போனீங்க?"

கிளஃபீரா எழுந்து நிமிர்ந்து நின்று, அந்தத் தாலாட்டுக் குரலில் சொன்னாள்: "யெஸ்டர்டே ஐ கோ ஹோம் ஆன் எக்ஸ்ட்ரீம் பஸ்."

வகுப்பே உருண்டு சிரித்தது. புரோகோர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எவெலீனாவும் சிரித்துவிட்டாள். ஆனால் விடவில்லை. லாஸ்டுக்குப் பக்கத்தில் அதன் சொந்தக்காரர்களை வரிசையாக எழுதினாள்: ஃபைனல், லேட்டஸ்ட், ப்ரீவியஸ், அல்டிமேட். லாஸ்ட் சொல்ல மனசில்லை என்றால் இதில் பொருத்தமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொன்றும் எங்கே செல்லும் எங்கே செல்லாது என்று தெரிந்து பிடியுங்கள் என்றாள்.

அன்றைக்கு சாயங்காலம் கிளஃபீரா வீட்டு அடுப்படியில் பெரிய விசாரணை நடந்தது. நான்கு வார்த்தைகளையும் சந்தையில் மீன் பார்க்கிற மாதிரி செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். சவேலி உப்பு ஹெர்ரிங் மீனையும் அவித்த உருளைக்கிழங்கையும் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

"ஃபைனல் வேண்டாம். அது கதவைச் சாத்துற மாதிரி இருக்கு. அந்தச் சனியனோட கூடப் பொறந்தது. அல்டிமேட்டும் வேண்டாம், அது பாதிரியார் மாதிரி பேசுது. ப்ரீவியஸ் நல்ல பிள்ளை. முன்னாடி ஒண்ணு இருந்துச்சுன்னு மட்டும் சொல்லும், வாயை மூடிக்கும். துறைமுகத்துக்கு அது போதும்."

"லேட்டஸ்ட்?" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "அதுதான்டி தங்கம். இப்ப வந்தது இது, இதுக்குப் பின்னாடி இன்னொண்ணு வரும்னு அர்த்தம். லேட்டஸ்ட் செய்தின்னா அடுத்த செய்தி வழியில இருக்கு. எவெலீனாகிட்ட ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். அடுத்தது வராதுன்னா லேட்டஸ்ட் சொல்லக்கூடாதாம்."

சவேலி மீன் முள்ளைத் துப்பிவிட்டு, "அடுத்தது வராதுன்னா என்ன சொல்லணுமாம்?" என்றான்.

அவள் எழுந்தாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய் கழுவத் தொடங்கினாள், அதில் இன்னும் பாதி மீன் இருந்தது.

தேர்வில் தேறிவிட்டாள். தேர்வு அதிகாரியே அசந்துபோனாராம், ஒரே ஒரு வார்த்தையை இவ்வளவு சாமர்த்தியமாகச் சுற்றிக்கொண்டு போகிற பெண்ணை அவர் பார்த்ததில்லை. கேப்டன் பேயையும் பழக்கிவிட்டாள். "ப்ரீவியஸ் போர்ட் பூசான், மேடம், வெரி ப்ரீவியஸ்" என்று அவர் அழுத்திச் சொல்வார், இவள் மைக்கை அணைத்துவிட்டுச் சிரிப்பாள். ஒரு தொல்லை மட்டும் போகவில்லை. எங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் அட்டை இருந்தது. கப்பல் ஏதாவது காணாமல் போனால் மற்றக் கப்பல்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அதில் இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். எல்லா நாட்டுக் கப்பலுக்கும் அதே வாசகம்தான், ஒரு எழுத்து மாற்றக்கூடாது. அதில் நடுவரியில் அந்த வார்த்தை இருந்தது: லாஸ்ட் நோன் பொசிஷன். கடைசியாகத் தெரிந்த இடம். அந்த வார்த்தைக்கு நேராகக் கண்ணாடியின் மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிவிட்டாள். விரல் வெட்டுப்பட்டால் போடுகிற பழுப்பு நிறப் பிளாஸ்திரி. எங்கள் தலைமை அதிகாரி ஆர்செனி லுகிச் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார். அவர் மகனும் கடலில்தான் இருந்தான்.

ஜனவரியில் லுனெவ்கா புறப்பட்டது. சவேலி வழக்கம்போலப் பையை வாசலில் வைத்துவிட்டு முக்காலியில் சற்று உட்கார்ந்து எழுந்தான். கிளஃபீரா எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை, எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை. கப்பல் முனையைத் தாண்டுகிறவரைக்கும் வீட்டைப் பெருக்கவில்லை. சகுனம் பார்த்து எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். இதை நான் ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், அவள் ஒரு குறையும் வைக்கவில்லை.

திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தின வாரத்திலேயே வடக்குக் காற்று கிளம்பிவிட்டது. அந்தக் காற்றுக்கு எங்கள் பக்கத்தில் யாரும் பேர் வைத்துக் கூப்பிடுவதில்லை. கடல் தண்ணீர் தெறித்து விழுந்த இடத்திலேயே உறையும். கயிறு, கைப்பிடி, பாய்மரம் என்று ஒவ்வொன்றும் பனிக்கட்டியில் பருத்துக்கொண்டே போகும். ஆட்கள் மரச் சுத்தியலோடு நின்று தட்டித் தட்டி உதிர்ப்பார்கள். உதிர்க்கிறதைவிட ஏறுகிறது அதிகமானால் கப்பல் தலை கனத்துச் சாய்ந்துவிடும்.

அன்றைக்குப் பகல் வேலை எங்கள் இருவருக்கும். லுனெவ்கா சாயங்காலம் கரை சேர வேண்டும். கிளஃபீரா வீட்டில் பிசைந்து வைத்த மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். காலையில் லுனெவ்காவின் கேப்டன் வானொலியில் வந்து, பனி ஏறுகிறது, எல்லோரும் தளத்தில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். பின்னணியில் தட்டுகிற சத்தம் கேட்டது. "அதோ, அந்த ஓங்கி அடிக்கிறது சவேலிதான்" என்றாள் அவள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வீட்டுல ஆணி அடிச்சாலும் அப்படித்தான்."

மதியத்துக்குப் பிறகு கேப்டன் மறுபடி வந்தார். குரல் மாறியிருந்தது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது, நிமிரவில்லை என்றார். இருக்கிற இடத்தின் எண்களைச் சொன்னார். கிளஃபீரா எழுதிக்கொண்டாள். எண்களைத் திருப்பிப் படித்துச் சரிபார்த்தாள். அவர் "சரி" என்றார். அதோடு நின்றது. தட்டுகிற சத்தமும் நின்றது.

"லுனெவ்கா, லுனெவ்கா, பெலோமிஸ்க் பேசுகிறேன்."

கூப்பிட்டாள், கூப்பிட்டாள். வெறும் இரைச்சல்தான் வந்தது.

ஆர்செனி லுகிச் பக்கத்து அறையில் தொலைபேசியில் மீட்பு நிலையத்தோடு கத்திக்கொண்டிருந்தார். இந்தப் பனிப்புயலில் ஹெலிகாப்டர் எழும்பாது. பக்கத்தில் இருக்கிற கப்பல்கள்தான் கதி. நான் என் கருவியில் புரோகோரின் இழுவைப் படகைக் கிளப்பிக்கொண்டிருந்தேன், ஆனால் அது போய்ச் சேர இருட்டிவிடும். அருகில் இருந்தது மூன்று வெளிநாட்டுக் கப்பல்கள். அதில் மிக அருகில் கேப்டன் பே. அவர்களும் பனி சுமந்துகொண்டு கரையொதுங்க ஓடிக்கொண்டிருந்தார்கள். அலைக்குக் குறுக்கே திரும்பினால் அவர்களுக்கே ஆபத்து. எதற்காகத் திரும்புகிறோம் என்று தெளிவாகத் தெரியாமல் எந்தக் கேப்டனும் திருப்பமாட்டான்.

கிளஃபீரா மைக்கை அழுத்தினாள். அட்டையைப் பார்த்து எல்லாக் கப்பல்களுக்கும் படிக்கத் தொடங்கினாள். கப்பல் பேர், ஆட்கள், ஆபத்து. பிளாஸ்திரி ஒட்டிய இடம் வந்தது. நின்றாள். பிறகு, "லேட்டஸ்ட் பொசிஷன்" என்று சொல்லி எண்களைப் படித்தாள்.

பே உடனே வந்தார். "பெலோமிஸ்க், லேட்டஸ்ட் பொசிஷன் கிடைத்தது. அப்படியானால் லுனெவ்கா இன்னும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறதா, மேடம்? அடுத்த இடத்தைச் சொல்வீர்களா? காத்திருக்கிறேன்."

அவர்மேல் என்ன தப்பு? எங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுத்த அர்த்தத்தில்தான் அவரும் புரிந்துகொண்டார். அடுத்தது வரும் என்றால் காத்திருக்கத்தானே வேண்டும்.

"கிளாஷா, அட்டையில இருக்கிறதைச் சொல்லு" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "ப்ரீவியஸ் பொசிஷன்" என்றாள்.

"மேடம், எனக்குப் புரியவில்லை. முந்தின இடமா? இப்போது கப்பல் எங்கே?" அவர் குரலில் விளையாட்டு போய்விட்டது. ஜப்பான் கப்பல் ஒன்று இடையில் வந்து, நாங்கள் துறைமுகத்தை நோக்கியே தொடர்கிறோம், தகவல் வந்தால் சொல்லுங்கள் என்றது.

நான் கையை நீட்டி அவள் மைக்கைப் பிடுங்கப் பார்த்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். எனக்கு இன்றைக்கும் அந்த இடம் வலிக்கிற மாதிரி இருக்கும்.

"என் புருஷன்டி. நீ சொல்லக்கூடாது. சொன்னா நான்தான் சொல்லணும்."

"அப்ப சொல்லித் தொலையேன்டி!"

"சொன்னா செத்துடுவான் ரிம்மா."

வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. இடது தோளுக்கு மேல் திரும்பினாள், துப்பவில்லை, அப்படியே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. அப்படி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று விசாரணைக்கு வந்தவர்கள்கூடக் கேட்டார்கள். நான் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லமாட்டேன். பே மட்டும் மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்: "மேடம்? மேடம்?"

பிறகு அவள் நகத்தால் அந்தப் பிளாஸ்திரியைக் கிழித்து எறிந்தாள். மைக்கை அழுத்தினாள். அதே தாலாட்டுக் குரல், ஒரு நடுக்கம் இல்லை.

"லாஸ்ட் நோன் பொசிஷன்" என்றாள். எண்களைச் சொன்னாள். மறுபடி, "லாஸ்ட் நோன் பொசிஷன்." மறுபடியும் ஒரு தடவை.

அப்புறம் பே சொன்னார்: "புரிந்தது, மேடம். திரும்புகிறேன்." ஜப்பான் கப்பலும் திரும்பியது.

கிளஃபீரா எழுந்து போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டாள். நான் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். பே அந்த இடத்தை அடைந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய்ப் படலமும் உடைந்த மீன் பெட்டிகளும் மிதக்கின்றன என்றார். இருட்டில் விளக்கடித்துத் தேடினார்கள். விடிந்த பிறகுதான் காற்று தள்ளிக்கொண்டு போன ஆரஞ்சு நிற மிதவைக் கூடாரம் கண்ணில் பட்டது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள், சிலர் உயிரோடு. முதலில் உயிரோடு இருந்தவர்களை, பிறகு மற்றவர்களை, பே ஒவ்வொரு பேராகச் சொன்னார். சவேலியின் பேர் இரண்டாவது கூட்டத்தில் வந்தது.

"வந்து சேர்ந்தபோது வெளிச்சம் முடிந்துவிட்டது, மேடம்" என்றார் பே. "இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்திருந்தால். மன்னியுங்கள்."

நல்ல வேளை, அவள் அப்போது அறையில் இல்லை, மைக்கில் நான் இருந்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. எவெலீனாவும் வந்தாள், தூரத்தில் நின்று அழுதாள். கிளஃபீரா அழவில்லை. எல்லோரையும் முறைத்துப் பார்த்தாள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவள் சொன்ன வார்த்தை ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. கடலோரக் கப்பல்கள் எல்லாம் கேட்டிருந்தனவே. பின்னால் சில பெண்கள் குசுகுசுத்தார்கள். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அடங்கினார்கள்.

அவளுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. உயிரோடு வந்தவர்களில் இயந்திர அறை வெனியமின்தான் பேசுகிற நிலையில் இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனோம். கைகள் இரண்டும் கட்டுப் போட்டு, தலையணை மேல் வைத்திருந்தான். கிளஃபீரா நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"நான் சொன்னப்ப அவர் உயிரோட இருந்தாரா?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. "இருந்தான் கிளஃபீரா ஸ்டெபானவ்னா. எங்ககிட்ட சின்ன வானொலி ஒண்ணு இருந்துச்சு. நாங்க பேசுனா யாருக்கும் கேக்கல. ஆனா மலைமேல இருக்கிற உங்க ஆன்டெனாக் கம்பத்துல இருந்து வர்றது எங்களுக்குத் தெளிவாக் கேட்டுச்சு. எல்லாம் கேட்டோம்."

"எல்லாமா?"

"எல்லாம்." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "நீங்க லேட்டஸ்ட்னீங்க. அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு, 'சொல்லுடி, கிளாஷா, சொல்லு'ன்னு வானொலியைப் பாத்துக் கெஞ்சினான். அப்புறம் சத்தமே இல்ல. எங்களுக்கும் நம்பிக்கை போச்சு. அப்புறம் நீங்க சொன்னீங்க. அவன் பெரிசா சிரிச்சான் பாருங்க! தங்கப்பல் தெரிய. 'கேட்டியாடா வெங்கா, முப்பது வருஷமா சொல்லாதவ சொல்லிட்டா. நான் ஜெயிச்சுட்டேன். இனிமே எல்லாக் கப்பலும் திரும்பும், எவனும் தூங்காதீங்கடா'ன்னான். ராத்திரி பூரா எங்க கன்னத்துல அறைஞ்சு அறைஞ்சு எழுப்பிக்கிட்டே இருந்தான். வெளுக்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அவன் கை நின்னுச்சு. நான் அவனை அறைஞ்சு பாத்தேன். எந்திரிக்கல."

கிளஃபீரா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நான் அவளைப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"அப்ப சொன்னதால சாகல" என்றாள். "நான் கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

இல்லை என்று சொல்ல வெனியமினாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. வெளியே வராந்தாவில் யாரோ பக்கெட்டை இழுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ரொட்டிக்கடையில் வரிசை கதவுவரைக்கும் இருந்தது. கிளஃபீரா உள்ளே வந்தாள். கறுப்புக் கம்பளித் துண்டு, கையில் துணிப்பை. நின்று எல்லோரையும் பார்த்து, மைக்கில் பேசுகிற அதே குரலில் கேட்டாள்: "யார் கடைசி?"

பெண்கள் திரும்பினார்கள். ஒருத்தி மூன்று தரம் துப்பினாள். கடைக்காரி தராசில் வைத்த கையை எடுக்கவில்லை. அவள் மறுபடி, இன்னும் சத்தமாகக் கேட்டாள்.

என் தம்பி அப்போது கடலில் இருந்தான். கதவோரம் நின்றிருந்தது நான்தான்.

"நான்தான் கடைசி, கிளாஷா" என்றேன். "எனக்குப் பின்னால வந்து நில்லு."